செங்காந்தள் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தள், வேலியோரங்களிலும் மலையடிவாரப் புதர்களிலும் கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான நிலங்களிலும் மழைக்காலத்தில் தானே முளைத்துப் படரும் செடியாகும். வீட்டுத் தோட்டத்தில் இதை வளர்க்க விரும்புவோர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. இச்செடியின் அழகு கொடியின் உச்சியில் இருந்தாலும் அதன் உயிரும் நஞ்சும் மண்ணுக்குள் கிழங்கில் இருக்கின்றன. ஆகவே எந்தக் கேள்வியில் தொடங்கினாலும் விடை பெரும்பாலும் கிழங்கில் வந்து நிற்பதைப் படிப்போர் காணலாம்.

கேள்வி: செங்காந்தள், கார்த்திகைப் பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு ஆகிய யாவும் ஒரே செடியா?

ஆம். நான்கும் குளோரியோசா சூப்பர்பா என்னும் ஒரே சிற்றினத்தைக் குறிக்கும் பெயர்கள். லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டினார். முன்பு லில்லிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இச்செடி இப்போது கோல்ச்சிகேசியே என்னும் தனிக் குடும்பத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. கிழங்கு ஏர்க் கலப்பையைப் போல வளைந்து இரண்டு கைகளுடன் இருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும், கலப்பையைக் குறிக்கும் வடசொல்லால் இலாங்கலி என்றும் அழைக்கப்படுகிறது. கார்த்திகை மாதத்தை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப் பூ என்னும் பெயர் வந்தது. ஈழத்தில் இப்பெயரே பெருவழக்கு. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று ஊர்ப்புறங்களில் சொல்வதுண்டு. கண்வலிக்கிழங்கு என்ற பெயருக்கு அதையே காரணமாகக் காட்டுவாரும் உளர். பார்ப்பதால் கண்ணுக்கு ஒன்றும் நேராது; தின்றால்தான் உயிருக்கு ஆபத்து. தோன்றி, தலைச்சுருளி என்னும் பெயர்களும் உண்டு. இவற்றுள் தலைச்சுருளி என்பது, சுருண்டு பற்றும் இலை நுனியைக் கண்டு இட்ட பொருத்தமான பெயராக எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: இது ஓராண்டுச் செடியா, பல்லாண்டுச் செடியா?

மேலே ஓராண்டுச் செடி, கீழே பல்லாண்டுச் செடி என்று சொல்வதே சரியான விடை. தண்டு, இலை, பூ ஆகியவை ஒரு மழைக்காலத்துக்கு மட்டுமே வாழ்ந்து காய்ந்துவிடுகின்றன. கிழங்கு மண்ணுக்குள் உறங்கி அடுத்த மழையில் மீண்டும் முளைக்கிறது. அந்தக் கிழங்கும் அதே கிழங்கு அன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் பழைய கிழங்கு தன்னிடமுள்ள மாவுப்பொருளைத் தண்டுக்கும் பூவுக்கும் கொடுத்துச் சுருங்கி மடிய, அதன் இடத்தில் புதிய கிழங்கு உருவாகிறது. எனவே இந்த ஆண்டின் இலைகள் எவ்வளவு காலம் பசுமையாக இருந்து உணவு தயாரிக்கின்றனவோ அவ்வளவுக்கே அடுத்த ஆண்டின் கிழங்கு பருக்கும். கிழங்கின் பருமனைப் பொறுத்தே அடுத்த ஆண்டின் பூக்கள் அமையும்.

கேள்வி: இவ்வளவு நஞ்சுள்ள செடியை வீட்டில் வளர்ப்பது சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் கிழங்கு வாங்குவோரைக் கண்டால்தான் எனக்குக் கவலை. செங்காந்தளின் எல்லாப் பாகங்களிலும் கோல்ச்சிசின் என்னும் ஆல்கலாய்டு உள்ளது. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. உயிரணு பிரியும்போது அதனுள் இழைபோன்ற நுண்குழல்கள் உருவாக வேண்டும். கோல்ச்சிசின் அவற்றை உருவாகவிடாமல் தடுக்கிறது. அதனால் விரைவாகப் பிரியும் உயிரணுக்களைக் கொண்ட குடற்சுவரும் எலும்பு மச்சையும் முதலில் பாதிக்கப்படுகின்றன. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் தொடங்கும். அது சற்றே அடங்கியதுபோலத் தோன்றும் நேரத்தில், அடுத்த சில நாட்களில் சிறுநீரகம், இதயம் முதலிய உறுப்புகள் செயலிழக்கலாம். பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்திற்குப் பின் தலைமுடி கொட்டுவதும் உண்டு. வேகவைத்தாலும் உலர்த்தினாலும் இந்நஞ்சு போய்விடாது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று தவறாக எண்ணிச் சமைத்துத் தின்று இறந்தவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் இலங்கையில் உள்ளன.

ஆயினும் அரளியும் ஊமத்தையும் நம் தெருக்களில் பூத்துக்கொண்டுதான் இருக்கின்றன. வளர்ப்பதா வேண்டாமா என்பதை வீட்டில் இருப்பவர்களைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதுக் குழந்தையோ, மண்ணைத் தோண்டும் பழக்கமுள்ள நாயோ, கட்டின்றி மேயும் ஆடோ இருக்கும் இடத்தில் இச்செடியைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுவதே அறிவுடைமை. மற்றவர்கள் மூன்று விதிகளைக் கைவிடாமல் வளர்க்கலாம். சேனை, சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மஞ்சள், இஞ்சி ஆகியவை வளரும் பாத்தியில் இதை ஒருபோதும் நடக்கூடாது. கிழங்கைச் சமையலறையிலோ வெங்காயக் கூடையின் அருகிலோ வைக்காமல், பெயர் எழுதிய மூடிய பெட்டியில் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். கிழங்கையும் விதையையும் கையாளும்போது கையுறை அணிந்து, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கேள்வி: யாரேனும் தவறித் தின்றுவிட்டால் என்ன செய்வது?

அறிகுறி தோன்றும்வரை காத்திருக்கக்கூடாது. 108க்கு அழைத்தோ கிடைத்த வண்டியிலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தின்ற பொருளின் மிச்சத்தையும் செடியின் ஒரு துண்டையும் பையில் போட்டு எடுத்துச் சென்று, கண்வலிக்கிழங்கு, கோல்ச்சிசின் என்ற இரண்டு சொற்களையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புளிக்கரைசல், உப்புநீர் முதலியவற்றைக் கொடுத்து வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்கும் முயற்சியில் நேரம் வீணாகும். மூச்சுக்குழலில் போய் அடைக்கும் ஆபத்தும் உண்டு.

கேள்வி: நடுவதற்குரிய கிழங்கை எங்கே பெறலாம்? மலையடிவாரத்தில் பார்த்த செடியைத் தோண்டி எடுத்து வரலாமா?

தோண்டக்கூடாது. காப்புக்காடுகளில் செடிகளைத் தோண்டி எடுப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, பூத்திருக்கும் செடியைத் தோண்டினால் அது உங்கள் தோட்டத்திலும் பெரும்பாலும் பிழைக்காது. பூக்கும் காலத்தில் பழைய கிழங்கு ஏறத்தாழத் தீர்ந்துபோயிருக்கும். புதிய கிழங்கு இன்னும் முற்றியிராது. அந்த நிலையில் வேரறுந்தால் இரண்டுமே அழியும். மருந்துச் சந்தைக்காகப் பல தலைமுறைகளாகத் தோண்டப்பட்டு வந்த செடி இது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வணிகமாகச் சாகுபடி செய்யும் உழவர்களிடமும் நம்பகமான நாற்றங்கால்களிலும் கிழங்கு கிடைக்கும். வாங்கும்போது ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அலங்காரச் செடிகளை விற்போர் பெரும்பாலும் ரோத்சில்டியானா என்னும் ஆப்பிரிக்க வழி வகையையே தருகின்றனர். அதன் இதழ்கள் அகலமானவை, அலைவு குறைந்தவை, அடர்சிவப்பில் மஞ்சள் விளிம்பு கொண்டவை. நம் நாட்டு வகையின் இதழ் குறுகலாகவும், ஓரம் சுருக்கம் வைத்துத் தைத்த துணியைப் போல நெளிநெளியாகவும் இருக்கும். தாவரவியலார் இரண்டையும் ஒரே சிற்றினத்தில் அடக்கினாலும், நம் மண்ணுக்குரிய செடியை வளர்க்க விரும்புவோர் நெளிந்த இதழுள்ள வகையைக் கேட்டு வாங்குவதே முறை.

கேள்வி: நல்ல கிழங்கை எப்படி அடையாளம் காண்பது?

கையில் எடுத்தால் கனமாகவும், அழுத்தினால் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். சுருக்கம், மென்மை, கரும்புள்ளி, புளித்த வாடை ஆகியவை இருக்கக்கூடாது. இவற்றைவிட முதன்மையானது கைகளின் நுனி. வளைந்த கிழங்கின் ஒவ்வொரு கையின் முனையிலும் ஒரு முளைக்கண் இருக்கிறது. உருளைக்கிழங்கைப் போல உடலெங்கும் கண்கள் கிடையா. ஆகவே முனை முறிந்த கை எவ்வளவு பருத்திருந்தாலும் முளைக்காது. இரண்டு முனைகளும் நல்ல நிலையில் இருந்தால், வளைவில் இரண்டாக ஒடித்து வெட்டுவாயை நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி இரண்டு செடிகளாக வளர்க்கலாம். அவ்வாறு செய்தால் முதல் ஆண்டில் பூக்கள் சற்றுக் குறையும். சாகுபடியாளர்கள் 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்கை விரும்புகின்றனர். வீட்டில் அதைவிடச் சிறியதையும் நடலாம், ஆனால் மிகச் சிறிய கிழங்கு அந்த ஆண்டு இலை மட்டும் விட்டு நின்றுவிடலாம்.

கேள்வி: எந்த மாதத்தில், எப்படி நட வேண்டும்?

சூன், சூலை மாதங்கள் ஏற்றவை. ஆனிக் கடைசியிலிருந்து ஆடிக்குள் நட்டுவிட்டால், வடகிழக்குப் பருவமழை வரும்போது கொடி ஏறி நிற்கும்; செப்டம்பர் முதல் நவம்பர் வரை பூக்களைக் காணலாம். பெட்டியில் வைத்த கிழங்கு தானே முளைகாட்டத் தொடங்கினால் நாள்காட்டியைப் பார்க்காமல் உடனே நட்டுவிட வேண்டும். முளை நீண்டுவிட்டால் நடும்போது ஒடிவது உறுதி.

மண் செம்மண்ணாகவோ மணல் கலந்த வண்டலாகவோ இருந்தால் நல்லது. கார அமில நிலை 6 முதல் 7க்குள் இருப்பது ஏற்றது. களிமண் நிலத்தில் அப்படியே நடாமல், மேட்டுப்பாத்தி அமைத்து மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து நட வேண்டும். கிழங்கைச் செங்குத்தாக நிறுத்தாமல் கிடையாகப் படுக்க வைத்து, அதன்மேல் 6 முதல் 8 சென்டிமீட்டர் அளவுக்கு மண் மூடுமாறு நட வேண்டும். செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி போதும். நடுவதற்கு முன், நோயைத் தடுக்கும் நன்மை நுண்ணுயிர்களாகிய டிரைக்கோடெர்மா விரிடியையோ சூடோமோனாஸையோ கரைத்த நீரில் கிழங்கைச் சற்று நேரம் நனைத்து எடுத்தால் அழுகல் குறையும். நட்ட அன்று ஒருமுறை நீர் ஊற்றி, பிறகு முளை வெளியே வரும்வரை மண் ஈரப்பதமாக இருந்தால் போதும். முளைவிட மூன்று நான்கு வாரங்கள்கூட ஆகலாம். இந்த இடைவெளியில்தான் பலரும் பொறுமை இழக்கின்றனர். என் முதல் கிழங்கை, இருக்கிறதா அழுகியதா என்று பார்க்கும் ஆவலில் விரலால் கிளறி, இரண்டு நாட்களில் வெளிவந்திருக்க வேண்டிய முளையை நானே முறித்தேன். நட்ட இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி அடையாளம் வைத்துவிட்டு விலகியிருப்பதே நல்லது.

கேள்வி: மாடித் தோட்டத்தில் தொட்டியில் வளருமா?

நன்றாகவே வளரும், உறக்க காலத்தில் மழை படாத இடத்துக்கு நகர்த்த முடியும் என்பதால் சில வகையில் தொட்டியே வசதியானது என்பேன். குறைந்தது ஓரடி ஆழமும் ஓரடி அகலமும் உள்ள தொட்டியில் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்று கலந்து நிரப்பலாம். அடியில் உள்ள துளைகள் அடைபடாமல் ஓட்டுச் சில்லுகளை இட வேண்டும். மாடியின் தளச் சூடு வேர்ப்பகுதியைத் தாக்காதவாறு செங்கல்மேல் தூக்கி வைத்து, வேறு சிறு தொட்டிகளால் அதன் பக்கத்தை மறைக்கலாம். காட்டில் இச்செடி புதரின் நிழலில் வேரூன்றி, புதரின் உச்சியில் வெயிலைத் தேடிப் பூக்கிறது. அடி குளிர்ச்சியாகவும் தலை வெயிலிலும் இருக்குமாறு நாம் செய்து கொடுத்தால் போதும்.

கேள்வி: கொடி எதைப் பற்றி ஏறும்? பந்தல் போட வேண்டுமா?

பந்தல் தேவையில்லை, எதைப் பற்றக் கொடுக்கிறோம் என்பதே கேள்வி. அவரையைப் போல இதன் தண்டு சுற்றி ஏறுவதில்லை. பாகற்கொடியைப் போல இதற்குத் தனிப் பற்றுக்கம்பிகளும் இல்லை. இலையின் நுனியே நீண்டு சுருளாகி அருகில் உள்ளதைப் பற்றுகிறது. அந்தச் சுருள் மிக மெல்லியதாகையால் பருத்த மூங்கிலையோ வழவழப்பான குழாயையோ சுற்றிப் பிடிக்க முடியாது. விரலைவிட மெல்லிய கம்பி, கயிற்று வலை, சுள்ளிகள் நிறைந்த காய்ந்த கிளை ஆகியவற்றை எளிதில் பற்றும். சாகுபடி நிலங்களில் கம்பி கட்டுவதோடு விராலியையும் கிளுவையையும் பற்றுச்செடிகளாகப் பயன்படுத்துகின்றனர். வீட்டில் ஏதேனும் ஒரு புதர்ச்செடியின் அருகே நட்டுவிட்டால் வேறு ஏற்பாடே வேண்டாம். பார்ப்பதற்கும் அதுவே இயல்பான தோற்றம். கொடி இரண்டு மீட்டர், சில இடங்களில் மூன்று மீட்டர் வரை உயரும். தண்டு எளிதில் ஒடியக்கூடியது. நுனி ஒடிந்தால் அந்த ஆண்டுக்குரிய பூக்கள் போயின என்றே கொள்ளலாம், ஏனெனில் பூக்கள் தண்டின் மேற்பகுதியில்தான் உண்டாகின்றன. எனவே பற்றுக்கோலை முளை வருவதற்கு முன்பே ஊன்றிவிட வேண்டும்.

கேள்வி: நீரும் உரமும் எவ்வளவு?

வளரும் காலத்தில் மேல்மண் காய்ந்ததும் நீர் விட வேண்டும். பூக்கும்போது வாடவிடக்கூடாது; நீர் தேங்கவும் விடக்கூடாது. காய் முற்றத் தொடங்கியதும் படிப்படியாகக் குறைத்து, இலை மஞ்சளானதும் முற்றிலும் நிறுத்த வேண்டும். நடும்போது இட்ட தொழுவுரத்துக்கு மேல், மொட்டு வரும் தறுவாயில் மண்புழு உரம் இரண்டு கைப்பிடி போதுமானது. தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிக் கொட்டினால் கொடி கொழுத்துப் பூக்கள் குறையும்.

கேள்வி: ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புப் பூக்கள் எப்படி?

அவை வெவ்வேறு பூக்கள் அல்ல, ஒரே பூவின் வெவ்வேறு வயதுகள். தலைகீழாகத் தொங்கும் மொட்டு பச்சை நிறத்தில் இருக்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்புறமாக வளைந்து மேல்நோக்கி நிமிர்கின்றன. அப்போது அவை பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். அடுத்த நாட்களில் நுனியில் தொடங்கிய சிவப்பு கீழிறங்க, அடியில் மஞ்சளும் மேலே சிவப்புமாகத் தீப்பிழம்பு போன்ற தோற்றம் உண்டாகிறது. இறுதியில் பூ முழுவதும் கருஞ்சிவப்பாகி வாடுகிறது. இதற்கெல்லாம் ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். கொடியின் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பூப்பதால் எல்லா வயதுப் பூக்களையும் ஒரே நேரத்தில் காண முடிகிறது. மகளிர் விரல்களுக்குக் காந்தளை உவமையாகக் கூறிய சங்கப் புலவர்கள், நுனி சிவந்து வளைந்த இந்த இதழ்களைக் கண்டே கூறியிருக்க வேண்டும் என்பதை, மூன்றாம் நாள் பூவைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் எளிதில் ஒப்புக்கொள்வர்.

கேள்வி: நிறையப் பூத்தும் காய் பிடிக்கவில்லை. செடியில் குறையா?

குறை இல்லை, பூவின் அமைப்பே அப்படி. ஆறு மகரந்தத்தாள்களும் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல வெளிநோக்கி விரிந்திருக்க, சூல்தண்டு அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணத்தில் மடங்கிப் பக்கவாட்டில் விலகி நிற்கிறது. தன் மகரந்தம் தன் சூல்முடியில் தானே விழாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. பெரிய வண்ணத்துப்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் தேனுக்காக வரும்போது அவற்றின் சிறகிலும் மார்பிலும் ஒட்டும் மகரந்தம் அடுத்த பூவின் சூல்முடியில் படுகிறது. அவை வராத நகர்ப்புற மாடிகளில் காய் பிடிப்பது அரிது. காய் வேண்டுமென்றால், காலையில் மகரந்தப்பை வெடித்த பின் அதைக் கிள்ளி எடுத்து, வேறொரு செடியின் அன்றலர்ந்த பூவின் மூன்றாகப் பிளந்த சூல்முடியில் மெதுவாகத் தடவலாம். விதைக்காகச் சாகுபடி செய்யும் நிலங்களில் ஆட்கள் காலைநேரத்தில் பூப்பூவாக இவ்வேலையைச் செய்வதைக் காணலாம். அழகுக்காக மட்டும் வளர்ப்போர் காய் பிடிக்கவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை, ஏனெனில் விதைக்குச் செலவாகும் உணவு கிழங்குக்கு மிஞ்சும். நஞ்சுள்ள சிவந்த விதைகள் கீழே சிதறும் கவலையும் இருக்காது.

கேள்வி: பூத்து முடிந்ததும் செடி முழுவதும் மஞ்சளாகிக் காய்ந்துவிட்டது. நீர் ஊற்றியும் பயனில்லை. செடி இறந்துவிட்டதா?

இச்செடியைப் பற்றி மிகுதியாகக் கேட்கப்படுவது இக்கேள்வியே. மிகுதியான கிழங்குகள் அழிவதும் இந்த நேரத்திலேயே. செடி இறக்கவில்லை, உறங்குகிறது. டிசம்பர், சனவரி மாதங்களில் இலை மஞ்சளாவது நோயும் அன்று, நீர்க்குறையும் அன்று. இலையில் எஞ்சிய சத்து கிழங்குக்கு இறங்குவதன் அறிகுறி அது. அதைக் கண்டு பதறி நாள்தோறும் நீர் ஊற்றினால், இலையும் வேரும் இல்லாத கிழங்கு அந்நீரை எடுத்துக்கொள்ள வழியின்றி அழுகுகிறது. பார்வைக்கு நன்றாக இல்லையே என்று பாதி மஞ்சளான தண்டை அறுத்துவிடுவதும் தவறு; தானாகக் காய்ந்து, இழுத்தால் கையோடு வரும்வரை விட்டுவைக்க வேண்டும்.

அதன்பின் இரண்டு வழிகள் உள்ளன. வடிகால் நன்றாக உள்ள நிலத்தில், கோடையில் வேறு செடிக்காக நீர் பாய்ச்ச வேண்டிய தேவை இல்லையென்றால், கிழங்கை அங்கேயே விட்டுவிடலாம். சொட்டுநீர் பாயும் பாத்தியிலோ களிமண்ணிலோ இருந்தால், தண்டு காய்ந்து சில வாரங்களுக்குப் பின் மண்வெட்டியைத் தள்ளி வைத்துக் கவனமாகத் தோண்டி எடுக்க வேண்டும். புதிய கைகள் மொறுமொறுப்பானவை, அவற்றின் நுனியை இழந்தால் ஓராண்டு உழைப்பை இழந்ததாகும். கிழங்கைக் கழுவாமல் மண்ணை மட்டும் உதிர்த்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, உலர்ந்த மணலிலோ தேங்காய் நார்க்கழிவிலோ புதைத்துக் காற்றோட்டமான இடத்தில் ஆனி வரை வைக்கலாம். தொட்டியில் வளர்ப்போர் தொட்டியோடு நிழலுக்கு நகர்த்திவிட்டு, அதன்மேல் ஒரு பலகையை வைத்து மறந்துவிடலாம். கோடைமழை அதில் பெய்துவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே வேலை.

கேள்வி: விதையிலிருந்து வளர்க்க முடியுமா?

முடியும், ஆனால் மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். புதிய விதைக்கு உறக்க காலம் உண்டு. பல மாதங்கள் கழித்தே, அதுவும் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக முளைக்கும். முதல் ஆண்டில் புல்லைப் போன்ற சில இலைகள் மட்டுமே தோன்றி, கீழே சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிழங்கு உண்டாகி உறங்கிவிடும். களை என்று எண்ணி அதைப் பிடுங்காமல் இருக்க, நாற்றுத் தட்டில் விதைத்துப் பெயர்ச்சீட்டு வைப்பது நல்லது.

கேள்வி: இலையெல்லாம் நன்றாக இருந்தும் பூக்கவே இல்லை. ஏன்?

பெரும்பாலும் கிழங்கு சிறிது, அல்லது நிழல் மிகுதி. நாளுக்கு நான்கைந்து மணி நேரமாவது நேர்வெயில் கொடியின் உச்சியில் பட வேண்டும். சென்ற ஆண்டு இலை முன்னதாகவே அழிந்திருந்தாலும் இந்த ஆண்டு பூக்காது.

கேள்வி: இவ்வளவு நஞ்சுள்ள செடியைப் புழு தின்னுமா?

தின்னும், அதுவும் ஒரு வாரத்தில் மொட்டையடித்துவிடும். பாலிடெலா குளோரியோசே என்னும் அந்துப்பூச்சியின் புழு இச்செடியின் பெயரையே தன் பெயரில் கொண்டுள்ளது. கறுத்த உடலில் வெள்ளைப் புள்ளிகளும் செம்மஞ்சள் திட்டுகளுமாக எச்சரிக்கைப் பலகைபோலத் தோன்றும் இப்புழுவைப் பார்த்தவுடன் அடையாளம் காணலாம். விஷமூங்கில் போன்ற அல்லியினச் செடிகளையும் இது விடுவதில்லை. வீட்டளவில், காலையிலும் மாலையிலும் இலையின் அடிப்புறத்தைப் பார்த்துக் கையுறையோடு பொறுக்கி சோப்பு நீரில் போடுவதே போதுமான மருந்து. மிகுந்துவிட்டால் 5 விழுக்காடு வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளிக்கலாம்.

புழுவைவிடக் கொடிய பகை கிழங்கு அழுகல். நன்றாக இருந்த கொடி திடீரென அடியிலிருந்து வாடிச் சாய்ந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தச் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு அகற்றிவிட்டு, அந்த இடத்தில் அடுத்த ஆண்டு நடாமல் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் இலையில் பழுப்புத் திட்டுகளாகப் பரவும் கருகல் நோய்க்கு, நெருக்கத்தைக் குறைத்துக் காற்றோட்டம் கொடுப்பதும் நோயுற்ற இலையைக் கிள்ளி எறிவதும் முதல் வேலை.

கேள்வி: மூலிகை என்கிறார்களே, வீட்டு மருத்துவத்தில் பயன்படுத்தலாமா?

கூடாது. சித்த மருத்துவத்தில் இக்கிழங்குக்கு இடம் உண்டு என்பது உண்மையே; ஆனால் அங்கும் முறைப்படி சுத்தி செய்த பின்னரே பயன்படுத்துகின்றனர். அது பயின்ற மருத்துவரின் வேலை. நவீன மருத்துவத்தில் கீல்வாதத்தின் ஒருவகையாகிய கவுட் நோய்க்குக் கோல்ச்சிசின் மாத்திரை தரப்படுகிறது. அம்மாத்திரை மில்லிகிராம் கணக்கில் அளந்து தரப்படுவது. கிழங்கின் ஒரு துண்டில் எவ்வளவு இருக்கிறது என்பதை வீட்டில் யாராலும் அளக்க முடியாது. பேறுகாலத்தில் இக்கிழங்கை அரைத்துப் பூசும் பழைய வழக்கம் இன்றும் சில இடங்களில் பேச்சில் அடிபடுகிறது, அதையும் செய்யக்கூடாது.

கேள்வி: விதைக்கு நல்ல விலை என்கிறார்கள். வீட்டில் விளைவதை விற்க முடியுமா?

வீட்டில் நான்கு கொடி வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது. திண்டுக்கல் மாவட்டத்தின் ஒட்டன்சத்திரம், திருப்பூர் மாவட்டத்தின் மூலனூர், கரூர் மாவட்டத்தின் அரவக்குறிச்சி ஆகிய வட்டாரங்களில் இது பல ஏக்கரில் விளையும் பயிர். அங்கிருந்து விதைகள் மருந்து நிறுவனங்களுக்குச் செல்கின்றன. ஏறத்தாழ 180 நாள் பயிர் என்றாலும் கம்பி, பற்றுச்செடி, கை மகரந்தச்சேர்க்கைக்கான ஆட்கூலி என்று முதலீடு கனமானது, விலையும் ஆண்டுக்காண்டு ஏறி இறங்குவது.

கேள்வி: வெளிநாட்டில் வாழ்கிறேன். அங்கே வளர்க்கலாமா?

முதலில் அந்நாட்டு விதிகளைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து கடற்கரை மணல்மேடுகளில் இச்செடி தோட்டங்களிலிருந்து தப்பிப் பரவி, அங்குள்ள இயல்தாவரங்களை நெருக்கும் களையாகிவிட்டது. நம் வேலியில் மழைக்கு மழை தேடிப் பார்க்க வேண்டிய செடி அங்கே ஆட்களை வைத்துத் தோண்டி அகற்றப்படுகிறது. குளிர்நாடுகளில் அந்தக் கவலை இல்லை. இளவேனிலில் தொட்டியில் நட்டு, கோடையில் பூ கண்டு, குளிர் தொடங்குமுன் தொட்டியை உறைபனி படாத அறைக்குள் கொண்டுபோய் உலர வைத்தால் போதும்.

கேள்வி: பூவைப் பறித்துச் சாடியில் வைக்கலாமா?

வைக்கலாம். ஜப்பானிலும் நெதர்லாந்திலும் இது கொய்மலராகவே வளர்க்கப்படுகிறது. நீரில் ஒரு வாரம் வாடாமல் நிற்கும். சாடி நீரைக் குழந்தைகளும் பூனையும் அணுகாத இடத்தில் வைத்து, பின்னர் மண்ணில் ஊற்றிவிட வேண்டும். பறிக்கும்போது தண்டோடு நீளமாக அறுக்காமல், பூக்காம்பை மட்டும் கிள்ளி எடுத்துச் சிறு கிண்ணத்தில் வைக்க வேண்டும், ஏனெனில் தண்டோடு போகும் ஒவ்வோர் இலையும் அடுத்த ஆண்டுக் கிழங்கின் பங்கு.